கண்ணாடியைத் தள்ளும் கை

இத்தாலியின் ஃப்ளோரன்ஸ் நகரில், ஆர்னோ ஆற்றின் தென்கரையில் பிட்டி அரண்மனை இருக்கிறது. மெதிச்சி குடும்பத்து ஆட்சியாளர்கள் வாழ்ந்த மாளிகை, இன்று அருங்காட்சியகம். அதன் சுவர்களில் தொங்கும் நூற்றுக்கணக்கான ஓவியங்களில் இரண்டை மட்டும் இங்கே எடுத்துக்கொள்வோம். இரண்டிலும் இருப்பவர் ஒருவரே. நம்மூர்க் கத்தோலிக்கர் மகதலா மரியா என்றும், புராட்டஸ்டண்டு கிறிஸ்தவர் மகதலேனா மரியாள் என்றும் அழைக்கும் பெண். விவிலியத்தைப் படித்திராதவர்கள்கூட இந்தப் பெயரைக் கேட்டதும், இயேசு மன்னித்த விலைமாது என்று சொல்லிவிடுவார்கள்.

முதல் ஓவியம், வெனிஸ் நகரத்து ஓவியர் திசியன் 1530களில் வரைந்தது. மரியாவின் உடலில் ஆடை இல்லை. செம்பொன் நிறத்தில் வழிந்து இறங்கும் நீண்ட கூந்தலை இரு கைகளாலும் அள்ளி உடலோடு சேர்த்துப் பிடித்திருக்கிறார். அத்தனை அடர்ந்த கூந்தலும் மார்பகங்களை மறைக்காமல் விலகியே கிடக்கிறது. கண்கள் வானத்தை நோக்கியிருக்கின்றன. அவற்றில் நீர் நிறைந்திருக்கிறது.

இரண்டாவது ஓவியம் ஏறத்தாழ 80 ஆண்டுகள் கழித்து, 1616க்கும் 1620க்கும் இடைப்பட்ட காலத்தில், இதே ஃப்ளோரன்ஸில் வரையப்பட்டது. வரைந்தவர் ஆர்தெமிசியா ஜென்டிலெஸ்கி என்ற பெண். இதில் மரியா பொன்மஞ்சள் பட்டு உடுத்தி நாற்காலியில் அமர்ந்திருக்கிறார். ஒரு கை நெஞ்சின்மேல் இருக்கிறது. மறு கை மேசைமேல் இருக்கும் கண்ணாடியைத் தள்ளுகிறது. முகம் கண்ணாடிக்கு எதிர்த்திசையில் திரும்பியிருக்கிறது.

இரண்டுமே மனந்திரும்பிய புனிதையின் படங்கள் என்றுதான் கலை வரலாற்று நூல்களில் இடம்பெறுகின்றன. மனந்திரும்புதல் என்ற சொல்லையே கொஞ்சம் நிறுத்திக் கேட்டுப் பாருங்கள். அதில் அழுகை இல்லை, அவமானம் இல்லை. திரும்புதல் என்ற வினைதான் இருக்கிறது. திசியனின் மரியா அழுகிறார். ஆர்தெமிசியாவின் மரியா திரும்புகிறார். இந்த வேறுபாடு எங்கிருந்து வந்தது என்று தேடினால், ஓர் ஓவியரின் வாழ்க்கைக்குள் மட்டும் நாம் நிற்க முடியாது. முதலில் வேறொரு கேள்வியைக் கேட்டாக வேண்டும். இந்தப் பெண் எதற்காக மனம் வருந்த வேண்டும்? அவர் செய்த பாவம்தான் என்ன?

மூன்று பெண்கள் ஒருத்தி ஆனார்கள்

நான்கு நற்செய்திகளிலும் எந்த இடத்திலும் மகதலா மரியா விலைமாது என்று சொல்லப்படவில்லை. லூக்கா நற்செய்தியின் 8ஆம் அதிகாரத்தில் அவர் அறிமுகமாகிறார். ஏழு பேய்கள் நீங்கிக் குணமடைந்தவர் என்ற குறிப்பு அங்கே வருகிறது. கூடவே ஏரோதின் அரண்மனை அதிகாரி கூசாவின் மனைவி யோவன்னா, சூசன்னா ஆகியோரின் பெயர்களும் வருகின்றன. இந்தப் பெண்கள் தங்கள் சொந்த உடைமைகளைச் செலவழித்து இயேசுவுக்கும் சீடர்களுக்கும் உதவினார்கள் என்கிறார் லூக்கா. ஊர் ஊராக அலைந்த அந்தக் கூட்டத்துக்குச் சோறு போட்டது பெண்களின் காசு.

அதற்குப் பிறகு சிலுவையின் அருகே மரியாவைப் பார்க்கிறோம். ஆண் சீடர்களில் பெரும்பாலோர் ஓடி ஒளிந்த நேரம் அது. யோவான் நற்செய்தியின் 20ஆம் அதிகாரத்தில், உயிர்த்தெழுந்த இயேசுவை முதலில் காண்பவரும் அவர்தான். போய் மற்றவர்களிடம் சொல் என்ற பொறுப்பும் அவரிடமே தரப்படுகிறது. இடைக்கால இறையியலாளர்கள் அவருக்குத் திருத்தூதர்களின் திருத்தூதர் என்றே பட்டம் கொடுத்தார்கள்.

பாவி என்ற பெயர் எப்படி ஒட்டியது? லூக்கா 7ஆம் அதிகாரத்தில் ஒரு பெண் வருகிறார். ஊரறிந்த பாவி என்று அவரைச் சொல்கிறார்கள், பெயர் இல்லை. பரிசேயர் வீட்டு விருந்தில் இயேசுவின் காலடியில் அழுது, கண்ணீரால் அவர் பாதங்களை நனைத்து, கூந்தலால் துடைத்து, நறுமணத் தைலம் பூசுகிறார். யோவான் நற்செய்தியில் பெத்தானியா ஊர் மரியா, மார்த்தாவின் சகோதரி, அவரும் இயேசுவின் பாதங்களில் தைலம் பூசுகிறார். இவர்கள் மூன்று பேர், மூன்று வெவ்வேறு பெண்கள்.

591ஆம் ஆண்டு ரோமில் திருத்தந்தை முதலாம் கிரகோரி ஆற்றிய ஒரு மறையுரை இந்த மூவரையும் ஒருவராக்கியது. ஏழு பேய்கள் ஏழு பெரும் பாவங்கள் ஆயின. பாதத்தில் பூசிய தைலம், முன்பு உடலின்பத்துக்காகத் தன் மேனியில் பூசிக்கொண்ட அதே தைலம் என்று விளக்கம் சொல்லப்பட்டது. நோய் நீங்கிய பெண் அந்த ஓர் உரையில் ஒழுக்கம் கெட்ட பெண்ணாக மாறினார். கிழக்கத்திய மரபுவழித் திருச்சபைகள் இந்த இணைப்பை ஏற்கவில்லை. மேற்கில் அது ஏறத்தாழ 1,400 ஆண்டுகள் நிலைத்தது. பாலைவனத்தில் தவம் கிடந்த எகிப்து மரியாவின் கதையும் இதோடு வந்து கலந்தது. உடை கந்தலாகிப்போக, கூந்தலே ஆடையான தோற்றம் அங்கிருந்து வந்ததுதான்.

யாரும் இதைக் கேள்வி கேட்கவில்லை என்று நினைக்க வேண்டாம். பிரெஞ்சு அறிஞர் ழாக் லெஃபெவ்ர் தெதாப்ல், 1517ஆம் ஆண்டு வாக்கில் இவர்கள் மூவரும் வேறு வேறு பெண்கள் என்று எழுதினார். பாரிஸின் சோர்போன் இறையியலாளர்கள் 1521இல் அந்தக் கருத்தைக் கண்டித்தார்கள். மூலநூலில் உள்ளதைச் சொன்னதற்காக ஓர் ஆண் அறிஞரே கண்டிக்கப்பட்டார் என்றால், அந்தப் பொய்யின்மேல் எவ்வளவு கட்டி எழுப்பப்பட்டிருந்தது என்று புரிந்துகொள்ளலாம். பணம் கொடுத்து, உடன் நடந்து, சாட்சி சொன்ன ஒரு பெண், பெண்கள் பேசக் கூடாது என்று விதித்த அமைப்புக்குச் சங்கடம். காலடியில் அழும் பெண்ணால் அப்படி எந்தச் சங்கடமும் இல்லை.

கண்ணீருக்கு வந்த கிராக்கி

16ஆம் நூற்றாண்டில் மார்ட்டின் லூதரின் சீர்திருத்தம் ஐரோப்பாவைப் பிளந்தது. பாவ மன்னிப்புக்குக் குருவானவர் இடையில் தேவையா என்பது அந்தப் பிளவின் மையக் கேள்விகளில் ஒன்று. தேவை என்று திரெந்து பொதுச்சங்கம் 1551இல் உறுதிசெய்தது. பாவசங்கீர்த்தனம் ஓர் அருட்சாதனம் என்பதை மக்கள் மனத்தில் பதிக்கச் சொற்பொழிவுகள் போதவில்லை. படங்கள் தேவைப்பட்டன. அழுது மன்னிப்புப் பெற்ற மகதலா மரியாவைவிடப் பொருத்தமான உருவம் வேறு யார்?

அதே பொதுச்சங்கம் 1563இல் சமய ஓவியங்களில் காமத்தைத் தூண்டும் அழகு கூடாது என்றும் ஆணையிட்டது. விந்தை என்னவென்றால், மகதலா மரியா இந்த ஆணையைச் சுற்றிப்போக ஒரு வழியைத் திறந்துவிட்டார். கதைப்படி அவர் பாவியாக இருந்தவர். ஆகவே அவர் உடலைக் காட்டலாம். இப்போது மனம் வருந்துபவர். ஆகவே அதைப் பார்ப்பது பக்தி. ஒரே படத்தில் பாவத்தையும் பரிகாரத்தையும் பார்க்கிறவர் வாங்கிக்கொள்ளலாம்.

இந்தக் கிராக்கி பொதுச்சங்கத்துக்கு முன்பே தொடங்கிவிட்டது. 1531இல் மாந்துவாவின் ஆட்சியாளர் ஃபெதெரிகோ கொன்சாகா, முடிந்த அளவு கண்ணீர் நிறைந்த மகதலா ஒன்றை வரைந்து தரும்படி திசியனைக் கேட்டிருக்கிறார். கண்ணீரை அளவு சொல்லி வாங்க முடிந்தது! திசியன் பிற்காலத்தில் வரைந்த இன்னொரு மகதலாவைப் பற்றி எழுதிய வசாரி, அவள் பேரழகியாக இருந்தாலும் படம் காமத்தைத் தூண்டுவதில்லை, இரக்கத்தையே எழுப்புகிறது என்றார். யாரும் கேட்காத கேள்விக்கு எழுதப்பட்ட பதில்போல இருக்கிறது அது.

வேறு விதமாகவும் மரியாவைப் பார்த்திருக்கிறார்கள். 15ஆம் நூற்றாண்டில் தொனதெல்லோ மரத்தில் செதுக்கிய மகதலா இதே ஃப்ளோரன்ஸில் இருக்கிறது. எலும்பும் தோலுமாக, பல் விழுந்து, தவத்தில் தேய்ந்துபோன கிழவி. அந்த உருவத்தின் முன் நிற்பவர்களுக்கு ஆசை எழாது, அச்சம் எழும். ஆனால் பரோக் காலத்தின் சந்தை அந்தக் கிழவியைக் கேட்கவில்லை. கூதோ ரேனி போன்ற ஓவியர்களின் பட்டறைகளிலிருந்து வானத்தைப் பார்த்து உருகும் இளம் மகதலாக்கள் ஒன்றன்பின் ஒன்றாக வெளிவந்தனர்.

1590களின் நடுவில் கரவாஜியோ வரைந்த மகதலா இவற்றிலிருந்து விலகி நிற்கிறது. உடை முழுவதுமாக உடுத்திய ஓர் இளம்பெண் தாழ்ந்த நாற்காலியில் தலைகுனிந்து அமர்ந்திருக்கிறார். கைகள் மடியில் கிடக்கின்றன. தரையில் அறுந்த முத்துகளும் நகைகளும். மூக்கோரம் ஒரே ஒரு துளிக் கண்ணீர். 1672இல் இதைப் பற்றி எழுதிய பெல்லோரி, கூந்தலை உலர்த்திக்கொண்டிருந்த ஒரு பெண்ணை வரைந்து, பக்கத்தில் தைலக் குப்பியையும் நகைகளையும் சேர்த்து மகதலா என்று காட்டிவிட்டார் என்று குறை சொன்னார். சாதாரணப் பெண்ணைப் போலவே புனிதை இருப்பதுதான் அவருக்கு உறுத்தியது.

மகதலாவின் பெயரில் மடங்கள்

ஓவியங்களில் மகதலா அழுதுகொண்டிருந்த காலத்தில், அவர் பெயரில் உண்மையான பெண்கள் அடைக்கப்பட்டார்கள். இத்தாலிய நகரங்களில் கன்வெர்தீத்தே என்ற மடங்கள் இருந்தன. மனமாறிய பெண்கள் என்று அந்தச் சொல்லுக்குப் பொருள். பாலியல் தொழிலை விட்டு வந்தவர்களுக்கான இடம் என்று அறிவிக்கப்பட்டவை. ரோமில் திருத்தந்தை பத்தாம் லியோ 1520இல் அப்படி ஒரு மடத்தை ஏற்படுத்தினார். ஃப்ளோரன்ஸில் அதற்கும் முன்பே ஒன்று இருந்தது.

இவற்றின் பொருளாதாரம் கவனிக்கத்தக்கது. ரோமில் பாலியல் தொழிலில் இருந்த பெண் இறந்துபோனால், அவர் சொத்தில் ஒரு பகுதி மனமாறியவர்களின் மடத்துக்குச் சேர வேண்டும் என்று விதி இருந்தது. ஃப்ளோரன்ஸில் பாலியல் தொழிலைக் கண்காணிக்க 1403 முதலே தனி அலுவலகம் இருந்தது. பெண்கள் அதில் பெயர் பதிய வேண்டும், கட்டணமும் அபராதமும் கட்ட வேண்டும். தொழிலில் இருந்தால் வரி, விட்டால் மடம், செத்தால் சொத்தில் பங்கு. பாவம் செய்ததாகச் சொல்லப்பட்ட பெண்ணின் வாழ்வின் எந்தக் கட்டத்திலும் அவரிடமிருந்து எடுக்க ஏதோ ஒன்று இருந்தது. அவரிடம் வந்த ஆண்களுக்கென்று மனந்திரும்பும் மடம் எதையும் யாரும் கட்டவில்லை.

வெனிஸில் ஜூதெக்கா தீவில் இருந்த கன்வெர்தீத்தே மடத்தின் கதை இன்னும் கொடியது. அங்கிருந்த பெண்களுக்கு ஆன்மிகப் பொறுப்பாளராக நியமிக்கப்பட்ட குரு, அவர்களைப் பல ஆண்டுகள் பாலியல் வன்முறைக்கு உள்ளாக்கியது அம்பலமாகி 1561இல் அவர் தலை வெட்டப்பட்டது. பாவத்தைக் கேட்டு மன்னிக்கும் அதிகாரமே அங்கே பெண்களை வேட்டையாடும் அதிகாரமாக இருந்தது. அந்தக் கட்டடம் இன்று பெண்கள் சிறை.

விரல்களைச் சுற்றிய கயிறு

ஆர்தெமிசியா 1593இல் ரோமில் பிறந்தார். தந்தை ஒராசியோ ஜென்டிலெஸ்கி பெயர்பெற்ற ஓவியர், கரவாஜியோவின் நண்பர். தாய் பிரசவத்தில் இறந்தபோது ஆர்தெமிசியாவுக்கு 12 வயது. தம்பிகளோடு வளர்ந்த அந்த வீட்டில் தந்தையின் பட்டறைதான் அவருடைய பள்ளிக்கூடம். வண்ணம் அரைப்பதிலிருந்து தொடங்கிக் கற்றுக்கொண்டார்.

1611 மே மாதம், தந்தையோடு வேலை செய்த அகொஸ்தீனோ தாசி என்ற ஓவியன் அவரை வன்புணர்ந்தான். அப்போது அவருக்கு 17 வயது. திருமணம் செய்துகொள்வதாக வாக்களித்து நாள் கடத்தினான். அவனுக்கு ஏற்கெனவே மனைவி இருந்தது பிறகுதான் தெரிந்தது. 1612இல் ஒராசியோ திருத்தந்தை ஐந்தாம் பவுலிடம் மனுக் கொடுத்தார். அன்றைய சட்டத்தின் பார்வையில் கன்னியான மகளைக் கெடுப்பது தந்தையின் மானத்துக்கும் உடைமைக்கும் இழைக்கப்பட்ட தீங்கு. திருமணம் நடந்துவிட்டால் அந்தத் தீங்கு சரியாகிவிடும்.

வழக்கு பல மாதங்கள் நடந்தது. அதன் ஆவணங்கள் இன்றும் இருக்கின்றன. மருத்துவச்சிகள் ஆர்தெமிசியாவின் உடலைச் சோதித்தார்கள். அவர் ஒழுக்கம் கெட்டவர் என்று சாட்சி சொல்ல ஆண்கள் வரிசையாக வந்தார்கள். கடைசியில், அவர் சொல்வது உண்மைதானா என்று சோதிக்க, தாசியின் கண்ணெதிரே அவருடைய விரல்களைச் சுற்றிக் கயிறு கட்டி இறுக்கினார்கள். ஓர் ஓவியரின் விரல்கள்! வலியிலும் அவர் சொன்னதையே சொன்னார். இதுதான் நீ எனக்குப் போட்ட மோதிரம், இதுதான் நீ தந்த வாக்கு என்று கயிற்றைக் காட்டித் தாசியிடம் கேட்டார்.

தாசி குற்றவாளி என்று தீர்ப்பு வந்தது. கடின உழைப்பா, ரோமைவிட்டு வெளியேறுவதா என்று தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். வெளியேறுவதைத் தேர்ந்தெடுத்தான். அதுவும் ஒழுங்காக நிறைவேறவில்லை. தீர்ப்புக்கு ஓரிரு நாட்களில், 1612 நவம்பர் 29 அன்று, ஆர்தெமிசியாவுக்குத் திருமணம் நடந்தது. மாப்பிள்ளை ஃப்ளோரன்ஸைச் சேர்ந்த பியரன்தோனியோ ஸ்தியாத்தேசி. சிறிது காலத்தில் ஊரைவிட்டுப் போனவர் குற்றவாளி அல்ல, பாதிக்கப்பட்ட பெண்.

சிறந்த பங்கு

ஃப்ளோரன்ஸில் அவர் தன் தொழிலைக் கட்டி எழுப்பினார். அங்கே தந்தையின் பூர்விகக் குடும்பப் பெயரான லோமி என்பதைப் பயன்படுத்தினார். 1616இல் அந்நகரத்து ஓவியர் கழகத்தில் உறுப்பினரானார். அங்கே சேர்க்கப்பட்ட முதல் பெண் அவரே. கலிலியோ அவருக்கு அறிமுகமானவர். பின்னாளில் அவருக்குக் கடிதமும் எழுதினார். பெற்ற பிள்ளைகளில் பெரும்பாலோரைக் குழந்தைகளாகவே இழந்தார். கடன்காரர்கள் நெருக்கினார்கள். இத்தனைக்கும் நடுவில் ஆட்சியாளர் இரண்டாம் கோசிமோவின் அவைக்கு ஓவியங்கள் தீட்டினார். கோசிமோவின் மனைவி ஆஸ்திரிய இளவரசி மரியா மத்தலேனா. அவருடைய பெயருக்குரிய புனிதை மகதலாதான். நாம் பார்க்கும் ஓவியம் அவருக்காகத் தீட்டப்பட்டிருக்கலாம் என்பது கலை வரலாற்றாளர் பலரின் கருத்து.

இனி அந்த ஓவியத்தை நிதானமாகப் பார்க்கலாம். மரியா குகையில் இல்லை, பாலைவனத்தில் இல்லை. வீட்டுக்குள், தன் மேசையின் முன், தன் விலையுயர்ந்த உடையில் இருக்கிறார். அந்தப் பொன்மஞ்சள் பட்டு ஓவியத்தின் பெரும்பகுதியை நிறைக்கிறது. அவர் இன்னும் எதையும் துறக்கவில்லை. துறப்பது என்று முடிவெடுக்கும் நொடி அது. திசியனின் படம் முடிவுக்குப் பிந்திய நிலையை, தண்டனை அனுபவிக்கும் உடலைக் காட்டுகிறது. ஆர்தெமிசியா முடிவையே வரைகிறார்.

கைகளைப் பாருங்கள். திசியனின் மரியாவுக்குக் கைகள் கூந்தலைப் பிடிக்க மட்டுமே இருக்கின்றன. கரவாஜியோவின் மரியாவுக்குக் கைகள் மடியில் ஓய்ந்து கிடக்கின்றன. ஆர்தெமிசியாவின் மரியாவுக்கு இரண்டு கைகளுக்கும் வேலை இருக்கிறது. ஒன்று நெஞ்சைத் தொட்டு நான் என்கிறது. மற்றது கண்ணாடியை வேண்டாம் என்கிறது. கண்ணாடி அந்தக் காலத்து ஓவியங்களில் பெண்ணின் வீண் பெருமைக்கு அடையாளம். அது ஆணின் பார்வையைப் பெண்ணே தன்மேல் செலுத்திக்கொள்ளும் கருவியும்கூட. அதைத் தள்ளுகிற கை, பார்க்கப்படுவதற்காக இருத்தல் என்ற நிலையையும் சேர்த்தே தள்ளுகிறது என்று நாம் படிக்கலாம்.

கண்ணாடியின் சட்டத்தில் ஒரு லத்தீன் வாசகம் இருக்கிறது. சிறந்த பங்கை அவள் தேர்ந்துகொண்டாள் என்று பொருள். லூக்கா 10ஆம் அதிகாரத்திலிருந்து வருகிறது. மார்த்தா வீட்டு வேலையில் அல்லாடிக்கொண்டிருக்க, தங்கை மரியா இயேசுவின் அருகே அமர்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறார். தன்னைத் தனியாக விட்டுவிட்டாளே என்று மார்த்தா குறைப்படும்போது இயேசு தருகிற பதிலில் இந்தச் சொற்கள் வருகின்றன. அந்த மரியா பெத்தானியா மரியா. கிரகோரி மூன்று பெண்களை ஒன்றாக்கியதால் இந்தப் பாராட்டும் மகதலாவுக்கு வந்துசேர்ந்தது.

ஒரு பெண்ணைப் பாவியாக்கிய அதே குழப்பத்துக்குள்தான், அடுப்படியை விட்டுவந்து கற்க உட்கார்ந்த பெண்ணும் மறைந்திருந்தார். மற்ற ஓவியங்கள் அந்தக் குழப்பத்திலிருந்து கண்ணீரையும் கூந்தலையும் எடுத்துக்கொண்டன. இந்த ஓவியத்தில் நமக்குக் கிடைப்பது தேர்ந்துகொண்டாள் என்ற சொல். மடங்களின் கணக்கில் பங்கு என்பது பெண்ணிடமிருந்து எடுப்பது. இங்கே பங்கு என்பது பெண் தனக்காக எடுத்துக்கொள்வது.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை தேவை. 20ஆம் நூற்றாண்டில் ஆர்தெமிசியா மீண்டும் பேசப்பட்டபோது, அவருடைய ஒவ்வொரு படத்தையும் 1611இன் வன்முறையோடு இணைத்துப் படிக்கும் வழக்கம் வந்தது. யூதித்து ஒலோபெர்னின் தலையை வெட்டும் படம் பழிவாங்கல் என்றார்கள். அப்படியானால் மகதலா? அது அவருடைய குற்றவுணர்வா? இந்தப் பாதை எங்கே கொண்டுபோய் விடும் என்று யோசியுங்கள். வன்புணரப்பட்ட பெண்ணுக்கு வருந்த ஏதோ இருந்தது என்ற முடிவில்தான் போய் நிற்கும். விரல்களில் கயிறு கட்டிய நீதிமன்றம் கேட்டதும் அதையேதான். பெண்ணியக் கலை வரலாற்றாளர் கிரிசெல்டா பொல்லாக், ஓவியங்களை இப்படி வாழ்க்கைக் குறிப்பாகச் சுருக்குவதைக் கண்டித்து எழுதியிருக்கிறார். ஆர்தெமிசியா ஓவியங்களை விற்று வாழ்ந்தவர். சந்தையில் மகதலாவுக்குக் கிராக்கி இருந்தது. அவர் பலமுறை மகதலாவை வரைந்தார். அந்த வேலைக்குள் இருந்துகொண்டே அவர் என்ன மாற்றினார் என்பதுதான் நாம் பார்க்க வேண்டியது.

1620களில் அவர் வரைந்த இன்னொரு மகதலா 2014இல் பாரிஸில் ஏலத்துக்கு வந்தது. அதில் கண்ணாடி இல்லை, மண்டையோடு இல்லை, கண்ணீரும் இல்லை. தலையைப் பின்னால் சாய்த்து, கண்களை மூடி, கைகளை முழங்காலில் கோத்து ஒரு பெண் தனக்குள் ஆழ்ந்திருக்கிறார். தோள் திறந்திருக்கிறது. ஆனால் பார்ப்பவருக்காக அவர் உட்கார்ந்திருக்கவில்லை. பார்ப்பவர் ஒருவர் இருக்கிறார் என்ற நினைவே அவருக்கு இல்லை.

பெண்கள் வரைந்த மகதலாக்களில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பொலோன்யா நகரத்து லவீனியா ஃபொந்தானா 1581இல் வரைந்தது, இப்போது ஃப்ளோரன்ஸின் உஃபீட்சி கூடத்தில் இருக்கிறது. உயிர்த்த இயேசு தோட்டக்காரர் வேடத்தில் நிற்க, மரியா அவர் முன் மண்டியிட்டிருக்கிறார். தனிமையில் அழும் பாவியை விட்டுவிட்டு, முதல் சாட்சியை அவர் வரைந்தார்.

சலவைக்கூடங்கள்

இதெல்லாம் பழைய ஐரோப்பாவின் கதை என்று மூடிவைத்துவிட முடியாது. 1758இல் லண்டனிலும் 1767இல் டப்ளினிலும் மகதலாவின் பெயரில் காப்பகங்கள் திறக்கப்பட்டன. அயர்லாந்தில் அவை பெரும்பாலும் துறவற சபைகளின் கையில் சலவைக்கூடங்களாக மாறின. திருமணமாகாமல் கருவுற்றவர்கள், வன்முறைக்கு ஆளானவர்கள், அநாதைகள், குடும்பத்துக்குச் சுமையாகத் தோன்றியவர்கள் என்று பலரும் அங்கே கொண்டுபோய் விடப்பட்டார்கள். கூலி இல்லாமல் ஓட்டல்களின், மருத்துவமனைகளின் அழுக்குத் துணியைத் துவைத்தார்கள். பலருக்குப் பெயர்கூட மாற்றப்பட்டது.

1993இல் டப்ளினில் ஒரு சபை தன் நிலத்தை விற்றபோது, அங்கே அடக்கம் செய்யப்பட்டிருந்த பெண்களின் உடல்களைத் தோண்டி எடுக்க வேண்டி வந்தது. ஆவணங்களில் இருந்த எண்ணிக்கையைவிடக் கூடுதலான உடல்கள் மண்ணுக்குள் இருந்தன. கடைசிச் சலவைக்கூடம் 1996இல்தான் மூடப்பட்டது. 1922 முதல் ஏறத்தாழ 10,000 பெண்கள் இந்தக் கூடங்களுக்குள் இருந்திருக்கிறார்கள் என்று 2013இல் வந்த அரசு அறிக்கை கூறியது. அவர்களை அனுப்பியதில் அரசுக்கும் பங்கு இருந்ததை அது ஒப்புக்கொண்டது. அதே மாதம் அயர்லாந்துப் பிரதமர் எண்டா கென்னி நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். மனம் வருந்த வேண்டியவர் யார் என்ற கேள்விக்கு அதிகாரத்தின் வாயிலிருந்து பதில் வர அத்தனை காலம் ஆயிற்று.

591இன் ஒரு மறையுரைக்கும் 1996இல் மூடிய சலவைக்கூடத்துக்கும் நடுவே நேர்கோடு இழுப்பது மிகையாகத் தோன்றலாம். அந்த இடைவெளியை நிரப்பியவை ஓவியங்களும் பிரசங்கங்களும் மடங்களும். பெண்ணின் பாவம் என்றால் உடல், பெண்ணின் பரிகாரம் என்றால் கண்ணீரும் ஒடுக்கமும் என்று தலைமுறை தலைமுறையாகக் கண்ணுக்குப் பழக்கின. பழகிய கண்ணுக்குச் சுவரும் பூட்டும் இயல்பாகத் தெரிந்தன.

கத்தோலிக்கத் திருச்சபை 1969இல் தன் வழிபாட்டு நாட்காட்டியைத் திருத்தியபோது, மகதலா மரியாவைப் பாவியான பெண்ணிலிருந்தும் பெத்தானியா மரியாவிலிருந்தும் பிரித்தது. ஜூலை 22ஆம் நாளுக்குரிய வாசகம், அவர் கல்லறைத் தோட்டத்தில் சாட்சியாகும் பகுதி ஆனது. 2016இல் திருத்தந்தை பிரான்சிஸ் அந்த நாளைத் திருத்தூதர்களின் நாட்களுக்கு இணையான விழாவாக உயர்த்தினார். எழுத்தில் திருத்தம் வந்துவிட்டது. கண்களுக்கு இன்னும் வரவில்லை. மகதலா என்று சொன்னால் உலகம் இன்றும் அழும் அழகியைத்தான் நினைக்கிறது.

ஆகவே மாணவிகள் அடுத்த முறை கலை வரலாற்று நூலில் ஒரு மகதலாவைச் சந்திக்கும்போது, அதன் அழகைப் பற்றிய வாக்கியங்களைப் படிக்கும் முன் சில கேள்விகளைக் கேட்டுக்கொள்ளலாம். இந்தக் கண்ணீரை யார் காசு கொடுத்து வாங்கினார்? அவர் எதற்காக அழுவதாக நமக்குச் சொல்கிறார்கள், அப்படிச் சொன்ன முதல் ஆள் யார்? அவர் கைகள் என்ன செய்கின்றன? பிட்டி அரண்மனையில் இருக்கும் பெண்ணின் கை 400 ஆண்டுகளாகக் கண்ணாடியைத் தள்ளிக்கொண்டே இருக்கிறது. அவர் எந்தப் பக்கம் திரும்புகிறார் என்று பார்ப்பது நம் வேலை.